தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

மருத்துவம் படிக்காதவன் மருத்துவத்தைப் பற்றி எழுதலாமா என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கேட்டதுமே வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். நியாயமான வினாதான். ஆனால் நான் எழுதப் புகுந்தது நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அன்று. ஒரு வாக்கியத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள் கொண்ட அந்த வாக்கியத்தை நான் தவறாகப் படித்தேன். இயற்பியல் மாணவன் என்ற துணிச்சலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தவறாகவே பொருள் சொன்னேன். அதனால் என் அறைத் தோழன் பட்ட பாட்டை நம் விடுதி அறியும். பெயர் போட வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். மற்றவற்றை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பருவத் தேர்வு தொடங்க நான்கு நாட்கள் இருந்தன. இரவு உணவு வேண்டாமென்று படுத்தவன், பத்து மணிக்கு எழுந்து, “தொப்புளைச் சுற்றி என்னவோ செய்கிறதடா” என்றான். பிறகு வாந்தி எடுத்தான். வாய்வு என்றார் ஒருவர். சூடு என்றார் மற்றொருவர். ஓமத் தண்ணீரும் சோடாவும் வந்தன. சமையற்கார அண்ணன் விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்றார். குடல் ஏறியிருக்கும், எண்ணெய் தடவி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நல்ல வேளையாக விளக்கெண்ணெய் அன்றிரவு கிடைக்கவில்லை. விடியும்போது வலி தொப்புளை விட்டு இறங்கி, வலப்புற அடிவயிற்றில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

காலையில் நகரத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தவர் குடல்வாலாக இருக்கலாம் என்று ஐயுற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அறிக்கையோடு மாலையில் வரச் சொன்னார். ஸ்கேன் நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தனர். எங்கள் முறை வந்தபோது ஐந்து நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்தது. 800 ரூபாய் கட்டி அறிக்கையை வாங்கிப் பேருந்திலேயே பிரித்தோம். ஈரல், பித்தப்பை, சிறுநீரகங்கள் யாவும் நலம் என்றிருந்தது. கடைசியில் “அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு” என்று ஒரு வரி.

“என்னடா அர்த்தம்?” என்றான் அவன்.

“அப்பெண்டிக்ஸ் ஒன்றும் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒன்றுமில்லை” என்றேன் நான்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாலையில் மருத்துவரிடம் போகவில்லை. மறுபடியும் பேருந்துக் கட்டணம், மறுபடியும் மருத்துவர் கட்டணம், தேர்வோ தலைக்கு மேல். அடுத்த நாள் இரவு வலி சட்டென்று தணிந்தபோது, நான் சொன்னது சரியாகிவிட்டதென்று எனக்குப் பெருமை கூட உண்டாயிற்று. அது தணிவன்று, குடல்வால் வெடித்ததன் அறிகுறி என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். உள்ளே இறுகிக் கிடந்த அழுத்தம் விடுபடும்போது சிறிது நேரம் வலி குறைவதுண்டு. விடிந்தபோது அவன் உடல் கொதித்தது. வயிறு பலகைபோல் விறைத்திருந்தது. 108 ஆம்புலன்சில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அறுவை நடந்தது. சீழ் வடிய வயிற்றில் குழாய் வைத்தார்கள். பன்னிரண்டு நாட்கள் படுக்கையில் கிடந்தான். அந்தப் பருவத்துத் தாள்கள் அத்தனையும் நின்றுபோயின. லாரி ஓட்டும் அவன் தந்தை வேலையை விட்டுவிட்டு வந்து மருத்துவமனை வராந்தாவில் படுத்திருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “நீங்களாவது கூட இருந்தீங்களே தம்பி” என்றார்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் புழுப்போல் தொங்கும் ஒரு முனை மூடிய சிறு குழாய். அது எல்லோருக்கும் ஒரே பக்கமாகத் தொங்குவதில்லை. சிலருக்குப் பெருங்குடலின் பின்னால் மடங்கி ஒளிந்திருக்கும். சிலருக்கு இடுப்புக் குழிக்குள் இறங்கியிருக்கும். அதன் வாய் அடைபட்டால் உள்ளே வீங்கிச் சீழ் பிடிக்கிறது. கொய்யா விதை விழுங்கினால் வரும் நோய் என்று நம் பாட்டிமார் நம்பினார்கள். பெரும்பாலும் அடைப்பது இறுகிய மலத்துணுக்கு அல்லது வீங்கிய நிணநீர்த் திசுவே. கொய்யாவைக் குற்றஞ்சாட்டி நாம் இழந்த கொய்யாப்பழங்கள் எத்தனையோ!

இந்நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் பாஸ்டன் நகரத்து ரெஜினால்ட் ஃபிட்ஸ், ஆண்டு 1886. வலி எந்தப் புள்ளியில் மிகும் என்பதை 1889-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் மெக்பர்னி குறித்துக் காட்டினார். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு 1902 ஜூன் 26 அன்று முடிசூட இருந்தார். அதற்கு இரண்டே நாள் முன்பு குடல்வால் சீழ்க்கட்டிக்காக அவரை அறுவை செய்ய நேர்ந்தது. முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப் போயிற்று. அந்த அறுவையைச் செய்த ஃபிரெடெரிக் திரீவ்ஸ், இந்நோயில் உலகமறிந்த வல்லுநர். ஆனால் 1900-இல் அவருடைய மகள் இதே நோயால் இறந்திருந்தாள். வல்லுநர் வீட்டிலேயே இப்படி என்றால், விடுதி அறையில் நான் எம்மாத்திரம்!

கையும் கண்ணும் மட்டுமே கருவிகளாக இருந்த காலத்தில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? ஐயம் வந்தால் அறுத்துவிடு என்பதே அவர்கள் கொள்கை. நூறு பேருக்கு அறுத்தால் 15 முதல் 20 பேருக்கு நலமான குடல்வாலே கையில் வரும். வெடிக்க விடுவதைவிட இது மேல் என்று நெடுங்காலம் அதை ஏற்றுக்கொண்டிருந்தனர். இளம் பெண்களிடம் இத்தவறு இன்னும் மிகுதி. சூல்பைக் கட்டி முறுக்கிக்கொள்வதும், கருக்குழாயில் கரு தங்குவதும் ஏறத்தாழ அதே இடத்தில் வலி தருவன அல்லவா?

மீயொலி இங்கேதான் உதவிக்கு வருகிறது. மனிதச் செவி 20,000 அதிர்வு வரை கேட்கும். மருத்துவர் பயன்படுத்துவதோ நொடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. உடலின் மென்திசுக்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நம் துறையினர் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 75 லட்சம் அதிர்வு என்றால் அலைநீளம் 0.2 மில்லிமீட்டரே வரும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 65 பங்கு போதும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட அழுத்த மின் விளைவுதான் இக்கருவியின் உயிர். கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955-இல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கு, அறுத்தெடுத்த கட்டிகளைக் கொண்டு சென்றார். இரும்பில் விரிசல் தேடும் கருவியை அவற்றின்மீது வைத்துப் பார்த்தார். 1958-இல் அவர் குழுவின் கட்டுரை வெளிவந்தது. மருத்துவக் கருவிகளுள் பட்டறையில் பிறந்ததாகச் சொல்லத்தக்கது இது ஒன்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆயினும் குடல் மட்டும் நெடுநாள் இக்கருவிக்கு அகப்படாமல் இருந்தது. காரணம் காற்று. திசுவிலிருந்து காற்றை எட்டும் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். அதற்கப்பால் இருப்பது இருட்டு. குடலில் காற்று எப்போதும் உண்டு. எனவே ஈரலையும் கருப்பையையும் பார்த்தவர்கள் குடலைத் தொடாமல் விட்டார்கள்.

1986-இல், ஃபிட்ஸ் பெயர் சூட்டிச் சரியாக நூறாண்டு கழித்து, நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ஜூலியன் பௌலார்ட் ஒரு வழி காட்டினார். புதிய கருவி எதையும் அவர் செய்யவில்லை. அழுத்தினார், அவ்வளவே. கருவியின் தலையை வலிக்கும் இடத்தில் வைத்து, மெல்ல மெல்ல, நோயாளி தாங்கும் அளவறிந்து அழுத்தினால், குடலிலுள்ள காற்று விலகிப் போகிறது. நல்ல குடல் சப்பையாக அமுங்கிவிடுகிறது. அழற்சியுற்ற குடல்வால் அமுங்குவதில்லை. ஒரு முனை மூடிய, அசைவற்ற, 6 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த குழாயாக அது திரையில் நிற்கிறது. 6 மில்லிமீட்டர் என்பது நாம் எழுதும் பென்சிலைவிடச் சற்றே மெலிந்த பருமன். அவர் பார்த்த 60 நோயாளிகளுள் 28 பேருக்குக் குடல்வால் அழற்சி என்பது அறுவையில் உறுதியாயிற்று. அந்த 28-இல் 25 பேருக்குத் திரையிலேயே அது தெரிந்திருந்தது.

28-இல் 25 என்று படிக்கும்போது நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. மீதி மூவரை யாரும் எண்ணுவதில்லை. அந்த மூவருக்கும் நோய் இருந்தது, திரையில்தான் இல்லை. இம்முறையைக் கண்டவரின் கைக்கே மூன்று தப்பியதென்றால், வரிசை நெருக்கும் ஒரு நண்பகலில், ஐந்து நிமிடத்தில், தப்புவதற்குக் கேட்கவா வேண்டும்? உடல் பருத்தவருக்கு, காற்று நிறைந்த வயிற்றுக்கு, பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்த குடல்வாலுக்கு இது இன்னும் கடினம். வெடித்து விட்டாலோ அழுத்தம் நீங்கிய குழாய் அமுங்கியும் காட்டலாம். நலமான குடல்வாலைத் தேடிக் கண்டுபிடிப்பது வல்லுநர்களுக்கே பல வேளைகளில் இயலாது. ஆகவே “தென்படவில்லை” என்பது நலம் என்ற தீர்ப்பன்று. நோய் என்ற தீர்ப்புமன்று. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை என்பதே அதன் பொருள். மருத்துவருக்கு அது தெரியும். பேருந்தில் உட்கார்ந்து பிரித்துப் படிப்பவனுக்குத் தெரியாது.

இதைச் சொன்னபோது எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர், “அறிக்கை மருத்துவருக்கு எழுதப்படுவது தம்பி, உங்களுக்கு அல்ல” என்றார். மேலை நாட்டில் அது உண்மையாக இருக்கலாம். அங்கே அறிக்கை ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்குத் தானே போய்ச் சேருகிறது என்கிறார்கள். நம் நாட்டில் பணம் கட்டுபவரும் நோயாளி, உறையை வாங்குபவரும் நோயாளி, வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பவரும் நோயாளி. மறுபடி மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவரே. அங்ஙனமாயின் அவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி இருக்க வேண்டாமா? “குடல்வால் தென்படவில்லை. நோய் இல்லை என்று இதனால் கொள்ளக் கூடாது. வலி நீடித்தால் இன்றே மருத்துவரிடம் காட்டவும்.” இவ்வளவுதான் நான் கேட்பது. ஒரு ரப்பர் முத்திரை செய்து அடித்தாலும் போதும். ஸ்கேன் நிலையங்களின் சுவரில் தமிழில் எழுதிவைப்பது அவர்களுக்குப் புதிதன்று. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்பட மாட்டாது என்ற பலகையை எந்த நிலையத்திலும் காணலாம்.

பலகையைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் இறுக்கப்பட்ட அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மீயொலிக் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். குறித்த தகுதியுடையவரே அதைக் கையாளலாம். ஆகவே பிற நாடுகளில் அவசரப் பிரிவு மருத்துவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்ப்பதுபோல் இங்கே பார்க்க முடிவதில்லை. இதைச் சுட்டிச் சட்டத்தையே தளர்த்த வேண்டுமென்பார் உளர். நான் அக்கட்சியில் இல்லை. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. என் வகுப்பில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுள் யாரையும் கருவிலேயே எண்ணிக் கழித்துவிடக் கூடிய கருவி இது என்பதை மறப்பதற்கில்லை. சட்டம் இருக்கட்டும். தகுதியுடைய கைகளைப் பெருக்குவதற்குச் சட்டம் தடையில்லையே! இரவு பதினொரு மணிக்கு வலியோடு வருபவனுக்கு வட்ட மருத்துவமனையில் கருவி இருந்தும் அதைப் பிடிக்க ஆள் இல்லையென்றால், அது வாங்கிவைத்த வீணை போன்றதுதான்.

எல்லாவற்றுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது மீயொலியைவிடத் தெளிவாகக் காட்டும் என்பதில் ஐயமில்லை. எடுப்பவர் கையை அது அத்தனை சார்ந்துமில்லை. ஆனால் வயிற்றுக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் ஏறுகிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஓராண்டில் இயல்பாகப் பெறுவது சராசரி 2.4 மில்லிசீவர்ட்டே. இந்நோய் மிகுதியாக வருவதோ பத்து முதல் முப்பது வயதுக்குள். நெடுநாள் வாழ வேண்டியவர்களின் மேல் தேவையின்றி ஏன் ஏற்ற வேண்டும்? பௌலார்டின் நாட்டில் 2010-இல் வந்த மருத்துவ வழிகாட்டு நெறி இதில் எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. படம் பார்க்காமல் குடல்வாலை அறுக்கக் கூடாது, முதலில் மீயொலி, அதில் தெளிவு கிட்டாவிடில் மட்டும் சி.டி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மீயொலியே முதற்படி என்பதில் எங்குமே கருத்து வேறுபாடில்லை.

கையால் பார்க்கும் கலை இதனால் ஒழிந்துவிடும் என்று அஞ்சும் மூத்தவர்களுக்கும் ஒரு சொல். அரசு மருத்துவமனையில் என் தோழனைப் பார்த்த அம்மையார் முதலில் கருவியைத் தொடவே இல்லை. எப்போது சாப்பிட்டான், வலி எங்கே தொடங்கி எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்டார். பிறகு அவனிடம், “ஒரே விரலால் தொட்டுக் காட்டு தம்பி” என்றார். அவன் விரல் வைத்த இடத்தில்தான் கருவியை வைத்தார். இருபது நிமிடத்திற்கு மேல் பொறுமையாகப் பார்த்து, சீழ் தேங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். கையும் கருவியும் பகையல்ல. அவர் அழுத்திய விதத்தைப் பார்த்தால் எது கை, எது கருவி என்று பிரிக்கவே முடியாது.

1986-லேயே அல்வராடோ என்ற மருத்துவர் இந்நோய்க்குப் பத்து மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கும் வகுத்தார். வலி இடம் மாறினால் 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, வலப்புற அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கு 2, அழுத்திய கையை எடுக்கும்போது வலித்தால் 1, காய்ச்சலுக்கு 1, மீதி மூன்றும் இரத்தச் சோதனையில். மதிப்பெண் என்றால் நமக்கு உடனே புரியும் அல்லவா? பேருந்தில் அறிக்கையைப் பிரித்த அந்த நேரத்தில் என் தோழன் இரத்தச் சோதனைக்கு முன்பே ஐந்து வாங்கியிருந்தான். ஐந்து வாங்கியவனைக் கவனித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. அவன் மாலையில் வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அதற்காகத்தான். நான் அவனுக்கு மின்காந்தவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நின்றுபோன தாள்களை அவன் அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிட்டான். வலப்பக்கம் ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. கைப்பந்து ஆடும்போது சட்டை விலகினால் இழுத்து விட்டுக்கொள்கிறான். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரான நம் பேராசிரியரின் ஒப்புதலோடு, மேலே சொன்ன மூன்று வரிகளையும், வயிற்று வலிக்கு விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டாம் என்ற நான்காவது வரியையும் எழுதி விடுதி உணவுக்கூட வாசலில் ஒட்டினோம். இரண்டு வாரம் இருந்தது. பின்னர் விடுதி நாள் விழா அறிவிப்பை அதன்மேலேயே ஒட்டிவிட்டார்கள். மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இம்முறை தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஒட்டுவதாகக் காப்பாளர் ஐயா சொல்லியிருக்கிறார்.